கடைவாயும் மனநிலையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. முகக்குறிப்பைக் கொண்டு உள்ளக் கருத்தை அறியும் திறத்தைத் திருவள்ளுவரும் குறிப்பறிதல் என்னும் பெயரால், பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக, இரண்டு அதிகாரங்களில் வைத்துக் கூறினார். முகத்தைப் பார்த்து மனத்தை அறிய முயல்வது மனிதருக்கு இயல்பு. பேச்சறியாக் கைக்குழந்தையும் தாயின் முகத்தைப் பார்த்தே சிரிக்கிறது. ஆனால், முகம் எப்போதும் உண்மையையே கூறுமா? பொய் கூறும் முகங்களும் உண்டு. அவ்வாறு பொய் கூறுவதை அம்முகத்துக்கு உரியவரே அறியாதிருப்பதும் உண்டு.

ஒரு பாடசாலையை எண்ணிப் பார்க்கலாம். அங்கே ஐம்பத்தைந்து வயது நிரம்பிய ஓர் ஆசிரியை. கடிந்து பேசாதவர், பிரம்பைக் கையில் எடுக்காதவர். ஆயினும், காலையில் அவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் அடங்கி ஒடுங்குகின்றனர். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி துணிவு கொண்டு, “ரீச்சர், எங்களோடை கோவமோ?” என்று கேட்டு விடுகிறாள். வீட்டிலே கணவரும், “ஏன், உமக்கு என்ன கவலை?” என்று அடிக்கடி கேட்கிறார். அவருக்குக் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. அன்று மாலை கண்ணாடியின் முன் நின்று பார்க்கும்போதே காரணம் புலனாகிறது. இரண்டு உதடுகளும் கூடும் முனைகளாகிய கடைவாய்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. அவற்றின் அடியிலிருந்து தாடை வரை இரண்டு கோடுகள் இறங்குகின்றன. வாய் மூடியிருக்கும் வேளையில் அம்முகம் தானாகவே துயர முகமாகத் தோன்றுகிறது.

இத்தகைய கடைவாயை உயர்த்துவதற்கு இக்காலத்தில் ஊசி மருந்துகள் உள்ளன. அவை எவை, எவ்வாறு தொழிற்படுகின்றன, எதனைச் செய்யும், எதனைச் செய்யமாட்டா என்பவற்றை அறிந்து கொள்வது நன்று. அவற்றை நாடுபவர்க்கு மாத்திரமன்றி, நாடாதவர்க்கும் அவ்வறிவு பயன் தரும்.

முதலில் வாயின் அமைப்பைப் பார்க்கலாம். கடைவாய் என்பது பல தசைகள் வந்து சந்திக்கும் ஒரு சந்தி. கன்ன எலும்பிலிருந்து வரும் தசைகள் அதனை மேலே இழுக்கின்றன. சிரிக்கும்போது வேலை செய்பவை இவையே. தாடை எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து முக்கோண வடிவில் எழுந்து வரும் ஒரு தசை அதனைக் கீழே இழுக்கிறது. நேயர்கள் இருந்த இடத்திலேயே இதனை அறிந்து கொள்ளலாம். கடைவாய்க்குச் சற்றுக் கீழே, தாடை விளிம்பின் மீது ஒரு விரலை வைத்து, அழுபவர்போல வாயின் முனைகளைக் கீழே இழுத்துப் பார்த்தால், விரலின் அடியில் ஏதோ ஒன்று இறுகுவது தெரியும். அதுவே கடைவாயைத் தாழ்த்தும் தசை. மேலிழுக்கும் தசைகளுக்கும் கீழிழுக்கும் தசைக்கும் இடையே நாள் முழுவதும் ஒரு கயிறிழுப்புப் போட்டி நிகழ்கிறது. கடைவாய் நிற்கும் இடம் அப்போட்டியின் முடிவு.

பிரான்சு நாட்டு வைத்தியர் டுஷென் என்பார், மெல்லிய மின்சாரத்தை முகத்தின் மீது செலுத்தி, ஒவ்வொரு தசையையும் தனித்தனியே சுருங்கச் செய்து, புகைப்படங்களும் எடுத்து, 1862ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். கடைவாயைத் தாழ்த்தும் இத்தசைக்கு அவர் துயரத்தின் தசை என்றே பெயர் சூட்டினார். பத்து ஆண்டுகளின் பின், 1872இல், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றிச் சார்ள்ஸ் டார்வின் எழுதிய நூலில் இத்தசையைப் பற்றி ஓர் அரிய நிகழ்ச்சி கூறப்படுகிறது. புகையிரதப் பயணம் ஒன்றில் டார்வினுக்கு எதிரே ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள். அவளுடைய முகம் அமைதியாகவே இருந்தது. ஆனால், கடைவாய்த் தசை மட்டும் மிக நுட்பமாகச் சுருங்கியது. முகம் அமைதியாயிருக்க இச்சுருக்கத்துக்குப் பொருள் ஏது, இதனை நம்பினால் ஏமாந்து போவோம் என்று டார்வின் எண்ணினார். எண்ணி முடியுமுன் அவளுடைய கண்கள் நீரால் நிறைந்தன. நெடுங்காலத்துக்கு முன் இழந்த குழந்தையின் நினைவு போன்ற ஏதோ ஒரு துயரம் அவள் மனத்திற் கடந்து சென்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஆகவே, இத்தசை வெறும் தசையன்று. மனத்தின் தூதனும் ஆகும். ஆயினும், வயது ஏற ஏறத் தூதன் சொல்லும் செய்தியில் பிழை நேர்கிறது. தோலின் இழுவிசை குறைகிறது. கன்னத்தின் கொழுப்புப் படை மெலிந்து கீழிறங்குகிறது. தாடை எலும்பும் சிறிது தேய்கிறது. பற்கள் விழுந்து போனால் முகத்தின் கீழ்ப்பகுதியின் உயரமே குறைந்து, உதடுகள் உள்நோக்கி மடிகின்றன. சிலருக்கு இளமையிலேயே கடைவாய் தாழ்ந்த அமைப்பு பரம்பரையாக வருவதும் உண்டு. இவை எவற்றுக்கும் மனத்துயரோடு தொடர்பில்லை. காண்பவரோ பழக்கத்தினால் துயரம் என்றோ கோபம் என்றோ படித்து விடுகின்றனர்.

இனி மருந்துக்கு வருவோம். இங்கே பயன்படும் ஊசிகள் இருவகை. ஒன்று தசையைத் தளர்த்துவது. மற்றது பள்ளத்தை நிரப்புவது.

தசையைத் தளர்த்தும் மருந்து பொட்டுலினம் என்னும் நஞ்சு. அதன் வரலாறு வியப்புக்குரியது. ஜேர்மனியின் வூட்டம்பேர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தை உண்டவர்கள் கண்ணிமை தொங்கி, நாக்குழறி, மூச்சுத் திணறி இறந்தனர். கவிஞரும் வைத்தியருமாகிய யுஸ்தினுஸ் கேர்னர் இந்நோயை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் நூல்கள் எழுதினார். நஞ்சைத் தம்மீதே சோதித்துப் பார்த்த அவர், இது மிகச் சிறிய அளவில் மருந்தாகவும் உதவக் கூடும் என்று அக்காலத்திலேயே எழுதி வைத்தார். 1895இல் பெல்ஜியத்தின் எலெசெல் என்னும் கிராமத்தில் ஒரு மரணச் சடங்குக்கு வந்த வாத்தியக்காரர்கள் பதனிட்ட பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்தே நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரை எமில் வான் ஏர்மெங்கெம் பிரித்தெடுத்தார்.

நஞ்சு மருந்தானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றி நேராக்கும் வழி தேடி, இந்நஞ்சின் நுண்ணளவைக் கண் தசையில் ஏற்றினார். மனிதரிடம் கண்ட பயனை 1980இல் வெளியிட்டார். 1989இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் அதனை மருந்தாக ஏற்றது. கனடாவின் வன்கூவர் நகரில் கண் வைத்தியராக இருந்த ஜீன் கரதேர்ஸ், இமைத்துடிப்புக்கு இம்மருந்தைப் பயன்படுத்தி வந்தார். 1987இல் ஒரு நோயாளி, புருவ நடுவில் ஊசி போடும்போதெல்லாம் தம் முகம் கவலையற்றுத் தெளிவடைவதைச் சுட்டிக் காட்டினார். ஜீனின் கணவர் அலஸ்ரெயர் தோல் வைத்தியர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1992இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். புருவ நடுச் சுருக்கத்துக்குப் பொட்டொக்ஸ் என்னும் பெயரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது 2002இல். கடைவாய்த் தசை அந்த அனுமதியில் அடங்காது. அதற்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது வைத்தியரின் அறிவையும் பொறுப்பையும் சார்ந்த செயல் என்பதை நாடுபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

மருந்து தொழிற்படும் முறை எளிது. மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்து, நரம்பின் நுனியில் சுரக்கும் ஓர் இரசாயனப் பொருளின் மூலம் தசையைச் சேர்கிறது. பொட்டுலினம் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது. கட்டளை வந்தும் தசை சுருங்குவதில்லை. கீழிழுக்கும் தசை தளர்ந்ததும், மேலிழுக்கும் தசைகள் எதிர்ப்புக் குறைந்து கடைவாயைச் சற்றே உயர்த்துகின்றன. ஊசி எதனையும் தூக்கி நிறுத்துவதில்லை. கயிறிழுப்பில் ஒரு பக்கத்தாரின் கையைச் சிறிது தளர்த்துகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பொதுவாக 2 முதல் 5 அலகுகள் வரை போதும். ஆனால், ஒரு நிறுவனத்து மருந்தின் அலகும் மற்றொரு நிறுவனத்து மருந்தின் அலகும் சமமல்ல. ஆதலால் எண்ணை மட்டும் கொண்டு ஒப்பிடுதல் தவறு. சில நாட்களில் மாற்றம் தொடங்கும். இரண்டு வாரமளவில் முழுப் பயனும் தெரியும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் இயங்க, கடைவாய் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதில் இடம் தவறுதலே பெருந்தவறு. கடைவாய்த் தசையை ஒட்டியே கீழுதட்டை இறக்கும் தசையும் இருக்கிறது. ஊசி உட்பக்கமாகச் சற்று விலகிச் சென்றால் அத்தசையும் தளரும். அப்போது சிரிப்பு ஒருபுறம் சாயும், கீழுதடு உள்ளே மடியும், பேச்சு குழறும், நீர் அருந்தும்போது வாயோரம் வழியும். வகுப்பறையிற் பேசிப் பிழைப்பவர்க்கும், நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிப்பவர்க்கும் இது சிறிய இடரன்று. மருந்தின் வலி தணிய மாதங்கள் செல்லும். அதனை உடனே முறிக்கும் மருந்து இல்லை. தசைச்சோர்வு நோயுள்ளவர்கள் இம்மருந்தை ஏற்றல் ஆபத்து. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்த்தல் வேண்டும்.

இரண்டாவது வகை, பள்ளத்தை நிரப்பும் ஊசி. கடைவாயிலிருந்து தாடைக்கு இறங்கும் கோடு ஆழ்ந்து விட்டால், தசையைத் தளர்த்துவதால் மட்டும் அது மறையாது. அங்கே குறைந்து போன பருமனை ஈடு செய்ய ஒரு கூழ் ஏற்றப்படுகிறது. இந்த எண்ணம் பழையது. அதன் முதற் பாடம் கசப்பானது. 1899இல் வியன்னா நகரில் றொபேட் கெர்சுனி என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் பரபின் வகை மெழுகுப் பொருளை உடலுள் ஏற்றும் முறையைத் தொடங்கினார். முகச் சுருக்கத்துக்கும் அது பரவியது. முதலில் முகம் மெருகு பெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மெழுகு இடம் பெயர்ந்தும் கட்டி கட்டியாக இறுகியும் முகங்களைக் கெடுத்தது. அதனை முற்றாக வெளியே எடுக்கவும் இயலவில்லை. உடலுள் ஏற்றுவது எளிது. ஏற்றியதை மீட்பது எளிதன்று என்பதை அம்முகங்கள் உலகுக்குக் கற்பித்தன.

இன்று பெரிதும் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் பசுவின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இது மனிதத் தோலிலும் மூட்டுக்களிலும் இயற்கையாகவே உள்ள பொருள். நீரைப் பற்றி வைத்திருக்கும் தன்மையது. முகக் கோடுகளுக்கான கூழாக 2003இல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் நிற்கும். பிடிக்கவில்லையாயின் அல்லது தவறு நேர்ந்தால் இதனைக் கரைக்க ஒரு நொதியம் உண்டு. மெழுகுக்கு இல்லாத பெருஞ்சிறப்பு இதுவே.

ஆயினும், இதனிலும் அபாயம் உண்டு. வீக்கமும் கன்றலும் சில நாட்களில் ஆறிவிடும். முகத்தின் இரத்தக்குழாய் ஒன்றினுள் கூழ் புகுந்தால் நிலைமை வேறு. அப்பகுதி வெளிறும், கடுமையாக வலிக்கும், பின்னர் நிறம் மாறித் தோல் அழியவும் கூடும். மிக அரிதாகக் கண் பார்வையே போனதும் உண்டு. கரைக்கும் நொதியம் கையில் இல்லாத இடத்தில் இவ்வூசியை ஏற்றிக் கொள்ளலாகாது. அந்நொதியத்தை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவது என்று அறியாதவரிடம் முகத்தைக் கொடுத்தலும் ஆகாது. இங்கே வைத்தியரின் கை மாத்திரமன்று, போத்தலில் இருக்கும் பொருளும் ஐயத்துக்குரியதே. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலிப் பொட்டுலினம் ஏற்றப்பட்டவர்கள் நோயுற்று வைத்தியசாலைகளிற் சேர்ந்தமையால், அந்நாட்டு அரசு நிறுவனங்கள் எச்சரிக்கை விடுத்தன. இலங்கையில் வைத்தியரின் பதிவு இலங்கை மருத்துவச் சபையைச் சார்ந்தது. மருந்தின் பதிவு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைச் சார்ந்தது. இரண்டையும் விசாரிப்பது அவமரியாதையாகாது. விசாரித்தாற் சினந்து கொள்ளும் இடத்தை விட்டு எழுந்து வருவதே உத்தமம்.

ஊசிக்கு முன் நோக்க வேண்டியவை வேறும் உண்டு. பல் இழந்தவர்க்கு நன்கு பொருந்தும் பற்கட்டு, உதடுகளை உரிய உயரத்தில் நிறுத்தி, ஊசி தரும் பயனினும் மிக்க பயன் தரக் கூடும். மடிந்த கடைவாயில் எச்சில் தேங்கிப் புண் உண்டாகுமாயின் அதனை முதலில் ஆற்ற வேண்டும். தோலும் கன்னமும் மிகத் தொங்கிய முகத்தில் ஊசியின் பயன் சிறிது. அதனை உள்ளவாறு எடுத்துச் சொல்பவரே நல்ல வைத்தியர்.

இவையனைத்திலும் முக்கியமான ஒன்று உண்டு. இதுவரை கூறியது இரு கடைவாய்களும் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லத் தாழ்தலைப் பற்றியது. ஒரு பக்கக் கடைவாய் திடீரெனத் தொங்குதல் முற்றிலும் வேறு. அதனோடு ஒரு கை சோர்ந்து விழுந்தால், அல்லது பேச்சுக் குழறினால், அது பாரிசவாதத்தின் அறிகுறி. அடைப்பைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டியது. எண்ணெய் தேய்த்தும், படுத்து எழுந்தாற் சரியாகும் என்று காத்திருந்தும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். கை கால்களில் தளர்ச்சியின்றி முகத்தின் ஒரு பாதி மட்டும், கண் மூட இயலாதபடி செயலிழப்பதும் உண்டு. முக நரம்பை ஆராய்ந்த சார்ள்ஸ் பெல் என்னும் வைத்தியரின் பெயரால் வழங்கும் முகவாதம் அது. பெரும்பாலோர்க்கு அது குணமாகும். மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் குணமாகும் வாய்ப்புக் கூடும். இன்னதென்று வேறு பிரித்தறிதல் வைத்தியரின் வேலை. உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வீட்டாரின் வேலை. முகவாதம் முற்றாக மாறாது, முகம் ஒருபுறம் கோணி நின்றவர்க்கு, முன் கூறிய பொட்டுலினம் இரு பக்கங்களையும் சமன் செய்ய உதவுகிறது. வெளியே செல்லக் கூசியிருந்தவர் மீண்டும் மனிதர் முன் வந்து சிரிக்கும்போது, அழகுக்கான ஊசி என்று இதனை எளிதில் இகழ்ந்து விட முடியாது.

அந்த ஆசிரியை ஊசியை நாடலாமா என்றால், நாடலாம். அது அவருடைய உரிமை. நாடுமுன் அவர் அறிய வேண்டியவை சில. கிடைப்பது சிறு உயர்வு; நிற்பது சில மாதம்; செலவு மீண்டும் மீண்டும் வரும். புகையிரதத்தில் அமர்ந்திருந்த முதியவளின் உள்ளத்துயரை முதலில் வெளியிட்டது எத்தசையோ, அத்தசையே இங்கே அடக்கப்படுகிறது. தவறாகப் பேசும் தூதனை அடக்கினால், அவன் உண்மை பேச வேண்டிய நாளிலும் குரல் தாழ்ந்தே பேசுவான். இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு எதுவாயினும் மதிக்கத்தக்கது.

காண்பவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. முதியோர் ஒருவரின் தாழ்ந்த கடைவாயைக் கண்டு, இவர் கடுகடுப்பானவர் என்று தீர்ப்பு எழுதி விலகிப் போகிறவர் பலர். முகத்தைப் பார்த்து ஐயுற்றால், வாய் திறந்து கேட்பதே முறை. முன்வரிசையில் இருந்த அந்தச் சிறுமி செய்ததும் அதுதான். அவள் கேட்டாள், ஆசிரியை இல்லையென்று சொல்லிச் சிரித்தார், கடைவாய்கள் இரண்டும் மேலே எழுந்தன. வகுப்புத் தொடங்கியது.